உழைக்கும் பிள்ளையிடம் 'வேண்டாம்' என்று சொல்வது யார்?

1982ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் அமெரிக்கத் திரையரங்குகளுக்கு வந்த 'ஈ.ரி.' என்ற திரைப்படத்தைப் பார்த்தவர்கள், வேற்றுக்கிரகத்து விருந்தாளியைக் கண்டதும் வீடே அதிரும்படி அலறுகின்ற சின்னஞ்சிறுமியை மறந்திருக்க மாட்டார்கள். ஸ்டீவன் ஸ்பீல்பேர்க் இயக்கிய அப்படம், 1993இல் அவரே இயக்கிய 'ஜுராசிக் பார்க்' வரும் வரையில் உலகில் மிக அதிக வசூலீட்டிய திரைப்படமாக விளங்கியது. (தமது 'ஏலியன்' என்ற திரைக்கதையின் பிரதிகள் அமெரிக்காவில் உலவியிராவிட்டால் 'ஈ.ரி.' சாத்தியமாகியிராது என்று சத்யஜித் ரே குறைப்பட்டுக்கொண்டதும், ஸ்பீல்பேர்க் அதனை மறுத்ததும், கொழும்பில் வாழ்ந்த ஆதர் சி. கிளார்க் அத்திரைக்கதையின் தொடக்கத்தில் சம்பந்தப்பட்டிருந்ததும் வேறொரு கதை.) படம் வெளிவந்தபோது ட்ரூ பரிமோர் என்ற அச்சிறுமிக்கு வயது ஏழு. அதே ஆண்டு நவம்பரில் 'சற்றர்டே நைட் லைவ்' என்ற பிரபல தொலைக்காட்சி நிகழ்ச்சியை அவர் தொகுத்து வழங்கினார். அந்நிகழ்ச்சியை நடத்திய ஆகக் குறைந்த வயதுடையவர் அவரே.

இதன் பின்னர் நிகழ்ந்தவற்றை அவரே தமது வாயால் உலகுக்குக் கூறியிருக்கிறார். ஒன்பது வயதில் சிகரெட். பதினொரு வயதுக்குள் மது. பன்னிரண்டில் கஞ்சா. அதற்கடுத்து கொக்கெய்ன். பதின்மூன்றாவது வயதில் போதைப்பழக்கத்திலிருந்து மீட்கும் புனர்வாழ்வு நிலையத்தில் அனுமதி. பதினான்கு வயதில் தற்கொலை முயற்சி. பாடசாலைக் கல்வியே முற்றுப்பெறாத பராயத்தில், ஒரு முழு மனிதரின் வீழ்ச்சிக்குப் போதுமான அனுபவங்களை அவர் கடந்துவிட்டிருந்தார்.

இத்தகைய செய்திகள் வெளிவரும்போதெல்லாம், பணமும் புகழும் பிள்ளையின் தலைக்கேறிவிட்டன என்று கூறிவிட்டு அப்பால் நகர்ந்துவிடுவது எம்மில் பலருக்கு வழமையாகிவிட்டது. இவ்விளக்கம் கேட்பதற்கு இலகுவானது. ஆயினும் எதனையும் விளக்குவதில்லை. ஏழு வயதுப் பிள்ளை பணத்தைத் தானே கையாள்வதில்லை. இரவு பத்து மணிக்குப் பின்னர் வீதிக்கு வருவதாயினும் அப்பிள்ளையை யாரோ ஒருவர்தான் வாகனத்தில் ஏற்றிச் செல்ல வேண்டும். அந்த 'யாரோ ஒருவர்' யார், அவருடைய அன்றாடச் சீவனம் எதில் தங்கியிருந்தது என்று கேட்கும்போதுதான் விடயத்தின் உட்புறம் தெரியவருகிறது.

ட்ரூ பரிமோர் பிறந்தது நடிப்புலகின் அரச வம்சம் என்று அமெரிக்கர்கள் வர்ணிக்கும் குடும்பத்தில். பாட்டனார் ஜோன் பரிமோர், அவருடைய சகோதரர் லயனல், சகோதரி எதல் ஆகிய மூவரும் கடந்த நூற்றாண்டின் முற்பாதியில் நாடக மேடையிலும் திரையிலும் கொடிகட்டிப் பறந்தவர்கள். அதேவேளை அக்குடும்பத்தில் மதுவும் ஒரு முதுசொம்மாகவே கைமாறி வந்தது. ஜோன் பரிமோரைக் குடிப்பழக்கமே உருக்குலைத்தது. 1942இல் அவர் காலமானார். அவருடைய மகள் டயனா, மதுவுடனான தமது போராட்டத்தை 1957இல் சுயசரிதையாக வெளியிட்டுவிட்டு, 1960இல் 38 வயதில் உயிரிழந்தார். ட்ரூவின் தந்தையான ஜோன் ட்ரூ பரிமோரும் நடிகர். அவரும் குடிக்கும் போதைவஸ்துக்கும் அடிமையானவர். மகளின் வளர்ப்பில் அவருடைய பங்கு ஏறத்தாழ எதுவுமில்லை. மதுவுக்கு அடிமையாகும் ஆபத்தில் ஏறக்குறைய பாதியளவு பரம்பரை சார்ந்தது என்பதே இன்றைய ஆய்வாளர்களின் பொதுவான கணிப்பு. அவ்வகையில் இச்சிறுமி மற்றைய பிள்ளைகளை விடவும் கூடுதலான காவல் தேவைப்பட்ட பிள்ளை. கிடைத்ததோ மற்றைய பிள்ளைகளுக்குக் கிடைக்கும் காவலிலும் குறைவு.

தாயார் ஜெய்ட், இரண்டாம் உலகப் போரின் பின்னர் ஜேர்மனியில் இருந்த அகதி முகாமொன்றில் ஹங்கேரியப் பெற்றோருக்குப் பிறந்தவர். அவருக்கும் நடிகையாகும் ஆசை இருந்தது, அது கைகூடவில்லை. கணவரைப் பிரிந்து தனித்திருந்த அவரின் கைக்குழந்தை, பதினொரு மாதத்தில் நாய் உணவு விளம்பரமொன்றுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டது. தெரிவின்போது நாய்க்குட்டி கடித்ததாகவும், குழந்தை அழாமல் சிரித்ததாகவும், அதனைக் கண்டே வாய்ப்பு வழங்கப்பட்டதாகவும் அவ்வீட்டில் சொல்லப்பட்டு வந்த கதை. கடித்தாலும் சிரிக்கின்ற பிள்ளைக்கு வேலை கிடைத்தது. நாளடைவில் தாயாரே மகளின் முகாமையாளருமானார். எமது பேச்சு வழக்கில் 'உழைப்பு' என்றால் சம்பாத்தியம் என்றும் பொருள். பிள்ளையின் உழைப்பில் வீடு நடக்கத் தொடங்கியது.

படப்பிடிப்புத் தளத்தில் இப்பிள்ளைக்குப் பாதுகாப்பு இருக்கவில்லை என்று கூற முடியாது. கலிபோர்னிய மாநிலச் சட்டத்தின்படி சிறுவர் நடிகர்கள் வேலை செய்யும் மணித்தியாலங்களுக்கு வரையறையுண்டு. பாடசாலைப் பராயத்தினருக்கு வேலை நாளிலேயே கற்பதற்கான நேரம் ஒதுக்கப்பட வேண்டும். தளத்தில் நியமிக்கப்படும் ஆசிரியர் பாடம் சொல்லிக் கொடுப்பதோடு நின்றுவிடுவதில்லை. பதினாறு வயதுக்குட்பட்ட நடிகர்களின் சுகாதாரம், பாதுகாப்பு, ஒழுக்கநிலை ஆகியவற்றைக் கவனிக்கும் பொறுப்பும் அவருடையது. 'ஈ.ரி.' படத்தில் இதற்கும் மேலாகவே கவனம் செலுத்தப்பட்டது. பிள்ளைகளின் உணர்வுகள் இயல்பாக வெளிப்பட வேண்டும் என்பதற்காகக் கதையின் ஒழுங்கிலேயே காட்சிகளைப் படமாக்கினார் ஸ்பீல்பேர்க். இயந்திரப் பொம்மையை உயிருள்ள ஜீவன் என்றே நம்பிய ட்ரூ, மதிய உணவு வேளைகளில் அதனோடு சென்று கதைத்துக்கொண்டிருப்பார் என்றும், அந்நம்பிக்கை குலையாதிருக்கும் பொருட்டுப் படப்பிடிப்பு இல்லாத வேளைகளிலும் பொம்மையை இயக்குவதற்கு ஆட்களை ஸ்பீல்பேர்க் நிறுத்தியிருந்தார் என்றும் 2022இல் அப்படக் குழுவினர் மீண்டும் ஒன்றுகூடியபோது நினைவுகூரப்பட்டது. ஸ்பீல்பேர்க்கே அவருடைய ஞானத்தந்தையுமானார்.

ஆனால் மாலையில் படப்பிடிப்பு முடிந்து ஸ்ரூடியோவின் வாயிற்கதவைத் தாண்டியதும் சட்டம் பின்தங்கிவிட்டது. அதற்கப்பால் பிள்ளையின் பாதுகாவலர், அப்பிள்ளையின் வருமானத்தில் தங்கியிருக்கும் தாயார் மட்டுமே. நியூயோர்க் நகரின் 'ஸ்ரூடியோ 54' போன்ற இரவு விடுதிகளுக்குத் தாயாரே மகளை அடிக்கடி அழைத்துச் சென்றார். வளர்ந்தவர்களின் கேளிக்கைகளுக்கு மத்தியில் 'ஈ.ரி.' சிறுமி ஒரு விந்தைப் பொருளாகக் கொண்டாடப்பட்டார். அங்கிருந்தவர்களில் எவரும் இந்த நேரத்தில் இந்தப் பிள்ளை படுக்கையில் அல்லவா இருக்க வேண்டும் என்று கேட்டதாகத் தெரியவில்லை.

தாயாரை மாத்திரம் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது எமது நோக்கமன்று. சாதாரண வீடொன்றில் பிள்ளையிடம் 'வேண்டாம்' என்று சொல்லும் அதிகாரம் பெற்றோருக்கு எங்கிருந்து வருகிறது? அன்பு ஒருபுறமிருக்க, சோறு போடுபவர் அவர் என்பதிலிருந்தும் வருகிறது. சோறு போடுபவர் பிள்ளையாகிவிட்டால் அந்த அதிகாரம் இடம்மாறிவிடுகிறது. முகாமையாளர், முகவர், தயாரிப்பாளர், விளம்பரக்காரர் என்று பிள்ளையைச் சூழ்ந்திருப்போர் அனைவரும் அதன் உழைப்பில் பங்கு கொண்டவர்கள். பிள்ளை மனம் கோணினால் நாளைய படப்பிடிப்பு தடைப்படும். ஆகவே எவரும் மறுத்துரைப்பதில்லை. பிள்ளையின் கண்ணுக்கு இது சுதந்திரமாகத் தோன்றும். 1984இல், ஒன்பது வயதில், ட்ரூ நடித்த 'இர்ரீகன்சிலபிள் டிஃபரன்சஸ்' என்ற படத்தின் கதையே, புகழிலும் பணத்திலும் மூழ்கித் தன்னை மறந்துவிட்ட பெற்றோரிடமிருந்து சட்டப்படி விடுதலை கோரி நீதிமன்றம் செல்லும் சிறுமியைப் பற்றியது. அந்நடிப்புக்காக 'கோல்டன் குளோப்' விருதுக்கும் பரிந்துரைக்கப்பட்டார். ஐந்தாண்டுகளின் பின்னர் உண்மையான நீதிமன்றமொன்றில் அதே கோரிக்கையோடு நிற்கப்போவதை எவரும் அப்போது எண்ணியிருக்க முடியாது.

இளம் பராயத்தில் ஆரம்பிக்கும் போதைப்பழக்கம் ஏன் இவ்வளவு இறுக்கமாகப் பற்றிக்கொள்கிறது என்பதற்கு மருத்துவம் தரும் விளக்கத்தையும் இங்கு குறிப்பிடுதல் பொருந்தும். ஆசையைத் தூண்டும் மூளைப் பகுதிகள் பதின்ம வயதிலேயே முழு வீச்சில் இயங்கத் தொடங்கிவிடுகின்றன. ஆசைக்குக் கடிவாளமிடும் முன்மூளைப் பகுதி முதிர்ச்சியடைவதோ இருபதுகளின் நடுப்பகுதியில்தான். பதினைந்து வயதுக்கு முன்னர் குடிக்கத் தொடங்குபவர்கள், இருபது வயதைக் கடந்து தொடங்குபவர்களிலும் பார்க்கச் சுமார் நான்கு மடங்கு அதிகமாக மதுவுக்கு அடிமையாகின்றனர் என்று அமெரிக்க ஆய்வுகள் காட்டியுள்ளன. சிறுவர் நட்சத்திரத்தின் நிலைமை இதனிலும் சிக்கலானது. ஏழு வயதில் ஆயிரக்கணக்கானோரின் கைதட்டலுக்குப் பழகிய மனம், பன்னிரண்டு வயதில் முகம் மாறி, குரல் மாறி, வாய்ப்புகள் குறையும்போது அதனை வெறும் தொழில் நட்டமாகக் கருதுவதில்லை. தன்னை இனி எவருக்கும் பிடிக்காது என்றே கருதுகிறது. வளர்வது பிள்ளைகளின் இயல்பு. இத்தொழிலிலோ வளர்வது ஒரு தவறாகிவிடுகிறது.

புனர்வாழ்வு நிலையத்தில் அவர் சேர்க்கப்பட்ட செய்தியைப் பரபரப்புப் பத்திரிகையொன்று வெளியிட்டது. பதின்மூன்று வயதுப் பிள்ளையின் நோய் விற்பனைக்குரிய செய்தியானது. அதன் பின்னரே 1989 ஜனவரியில் 'பீப்பிள்' சஞ்சிகை வாயிலாகவும், 1990இல் 'லிட்டில் கேர்ள் லொஸ்ட்' என்ற நூல் வாயிலாகவும் அவர் தமது கதையைத் தாமே கூற முன்வந்தார். பதின்ம வயதிலேயே சுயசரிதை எழுத நேர்ந்தமை பெருமைக்குரியதா என்பதை வாசகர்களே தீர்மானித்துக்கொள்ளலாம்.

சிறுவர் நடிகர்களைப் பாதுகாக்கச் சட்டம் இருக்கவில்லையா என்ற கேள்வி எழுதல் இயல்பு. இருந்தது. அது எவ்வாறு பிறந்தது என்பதைப் பார்த்தால் அதன் குறைபாடும் விளங்கும். 1921இல் சார்ளி சப்ளினின் 'த கிட்' படத்தில் நடித்துப் புகழ்பெற்ற ஜக்கி கூகன், சிறுவனாக இருந்த காலத்தில் முப்பது முதல் நாற்பது இலட்சம் டொலர் வரையில் சம்பாதித்ததாகக் கணக்கிடப்படுகிறது. 1935இல் தந்தையார் விபத்தில் இறந்தார். அதே ஆண்டில் இருபத்தொரு வயதை அடைந்த கூகன் தமது பணத்தைக் கேட்டபோது, தாயாரும் மாற்றுத் தந்தையும் அதனைக் கொடுக்க மறுத்தனர். அக்காலக் கலிபோர்னியச் சட்டப்படி பராயமடையாத பிள்ளையின் சம்பாத்தியம் பெற்றோருக்கே உரியது. 1938இல் வழக்குத் தொடுத்த அவருக்கு ஈற்றில் கிடைத்தது சுமார் 126,000 டொலர் மாத்திரமே. இதனால் எழுந்த பொதுமக்களின் கொதிப்பே 1939இல் 'கூகன் சட்டம்' பிறக்க வழிவகுத்தது. அதிலும் ஓட்டைகள் இருந்தன. சிறுவரின் சம்பாத்தியம் சிறுவருக்கே சொந்தம் என்பதும், அதில் 15 வீதம் நம்பிக்கைக் கணக்கில் வைப்பிலிடப்பட வேண்டும் என்பதும் 2000ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின் பின்னரே உறுதியாயின.

ஆக, சட்டம் பணத்துக்குக் காவல் வைத்தது. கூகன் சட்டம் பிறந்த அதே 1939இல் வெளிவந்த 'த விசார்ட் ஒஃப் ஒஸ்' படத்தின் நாயகி ஜூடி கார்லண்டுக்கு அச்சட்டத்தால் என்ன பயன் கிட்டியது? பதின்மூன்று வயதில் எம்.ஜி.எம். நிறுவனத்துடன் ஒப்பந்தம் செய்யப்பட்ட அவருக்கு, உடல் பருமனடையாதிருக்கவும் சோர்வின்றி வேலை செய்யவும் ஒருவகை மாத்திரையும், வேலை முடிந்ததும் உறங்கவைக்க இன்னொருவகை மாத்திரையும் கொடுக்கப்பட்டன என்பதை அவரே பிற்காலத்தில் கூறியிருக்கிறார். அவர் மாத்திரைகளைத் தேடிப் போகவில்லை; வேலையின் ஒரு பகுதியாக அவை அவரைத் தேடி வந்தன. 1969 ஜூன் 22ஆம் திகதி, லண்டனில், தூக்க மாத்திரைகளை அளவுக்கு மீறி உட்கொண்ட நிலையில் அவர் இறந்து கிடந்தார். தற்செயலான மரணம் என்பது விசாரணையின் முடிவு. அப்போது அவருக்கு 47 வயது.

இதற்கு மறுபக்கமாக ஷேர்லி டெம்பிளைக் கூறலாம். முப்பதுகளில் அமெரிக்காவின் செல்லப்பிள்ளையாக விளங்கிய அவர், தாம் ஈட்டிய சுமார் 32 இலட்சம் டொலரில் எஞ்சியிருந்தது 44,000 மாத்திரமே என்பதை வளர்ந்த பின்னரே அறிந்துகொண்டார். கூகனைப் போலவே பணத்தை இழந்தவர். ஆயினும் போதையின் பக்கம் செல்லவில்லை. கானாவுக்கும் பின்னர் செக்கோஸ்லோவாக்கியாவுக்கும் அமெரிக்கத் தூதுவராகப் பணியாற்றி 2014இல் 85 வயதில் காலமானார். அவருடைய தாயார் படப்பிடிப்புத் தளத்தில் நிழல்போல் உடனிருந்தவர். பன்னிரண்டு வயதில் மகளைத் திரையுலகிலிருந்து விலக்கிப் பெண்கள் பாடசாலையில் சேர்த்தவர். பணம் பறிபோனதையும் பிள்ளைப் பராயம் பறிபோனதையும் ஒரே தராசில் நிறுக்க முடியாது என்பதற்கு இவ்விரு பெண்களின் வாழ்க்கையை அருகருகே வைத்துப் பார்த்தாலே போதும்.

ட்ரூ பரிமோர் எவ்வாறு தப்பினார்? அவரைக் காப்பாற்றியவை எவருக்கும் சிபாரிசு செய்யக்கூடிய வழிகள் அல்ல. தாயாரே அவரை லொஸ் ஏஞ்சல்ஸில் வான் நைஸ் பகுதியிலுள்ள மனநல வைத்தியசாலையொன்றில் அனுமதித்தார். அங்கு ஒன்றரை ஆண்டு காலம் இருந்தார். கட்டுப்பாட்டை மீறினால் தனியறையில் அடைக்கப்படும் அல்லது கட்டிலோடு பிணைக்கப்படும் கடும் ஒழுங்கு நிலவிய இடம் அது. 2021இல் அளித்த வானொலிச் செவ்வியில் அதனை நினைவுகூர்ந்தபோது, அந்த ஒழுங்கு தமக்கு அவசியமாகவே இருந்தது என்றும், என்ன செய்வதென்று அறியாது தவித்த தாயாரை மன்னித்துவிட்டதாகவும் அவர் கூறினார். வாழ்க்கையில் முதன்முறையாக, அவருடைய சிரிப்பினால் ஆதாயம் எதுவுமற்ற மனிதர்கள் அவரிடம் 'முடியாது' என்று சொன்ன இடம் அந்த வைத்தியசாலைதான். அங்கிருந்து வெளியேறிய பின்னர், போதைவஸ்துக் குற்றத்துக்காகச் சிறையிருந்து மீண்ட இசைக்கலைஞர் டேவிட் க்ரொஸ்பியும் அவருடைய மனைவியும் சிறிது காலம் தமது வீட்டில் வைத்துப் பராமரித்தனர். அதனைத் தொடர்ந்தே பதினான்கு வயதில் நீதிமன்றம் அவரைச் சட்டப்படி பெற்றோரின் பொறுப்பிலிருந்து விடுவித்தது. கலிபோர்னியச் சட்டம் அதற்கு அனுமதிக்கும் ஆகக் குறைந்த வயதும் அதுவே.

ஒரு சிறுமியைக் காப்பாற்ற, அவள் இனிச் சிறுமியல்ல என்று நீதிபதி ஒருவர் தீர்ப்பளிக்க வேண்டியிருந்தது. பதினைந்து வயதில் தனி வீட்டில் குடியேறிய அவருக்கு உடுப்புத் தோய்க்கவும் தெரிந்திருக்கவில்லை. திரையுலகம் அவரை முடிந்துபோனவர் என்று ஒதுக்கியது. கோப்பிக்கடையொன்றில் வேலை செய்தார். தொண்ணூறுகளில் மெதுவாகத் திரும்பி வந்து, 1995இல் 'ஃபிளவர் பிலிம்ஸ்' என்ற தயாரிப்பு நிறுவனத்தைக் கூட்டாக ஆரம்பித்தார். சிறுவயதில் பிறர் அவரை வைத்து உழைத்தனர். இப்போது தமது உழைப்பின் எசமானர் தாமே. 2020 செப்டெம்பரில் அவருடைய பெயரிலேயே தொலைக்காட்சி உரையாடல் நிகழ்ச்சியொன்றும் தொடங்கியது.

இதனை ஒரு வெற்றிக் கதையாக முடித்துவிட எமக்கு மனம் வரவில்லை. 2016இல் மணமுறிவு ஏற்பட்ட பின்னர் மது மீண்டும் அவரைப் பற்றிக்கொண்டது. 2019இலேயே அதனைக் கைவிட்டதாக அவர் பின்னர் வெளிப்படையாகக் கூறினார். பதின்மூன்று வயதில் தொடங்கிய மீட்சி நாற்பத்துநான்கு வயதிலும் முற்றுப்பெற்றிருக்கவில்லை. மீளாதவர்களும் உளர். எண்பதுகளில் பதின்ம வயது நட்சத்திரமாகப் பிரகாசித்த கனடிய நடிகர் கோரி ஹேம், நீண்டகாலம் போதைப்பழக்கத்தோடு போராடி, 2010 மார்ச்சில் 38 வயதில் மறைந்தார். நிமோனியாவே மரணத்துக்குக் காரணம் என்று பிரேத பரிசோதனை கூறியது. ஆயினும் அந்த உடல் அதற்கு முன்னரே பல ஆண்டுகளாகத் தேய்ந்துவந்தது.

ஹொலிவூட் எங்கோ தூரத்தில் இருக்கிறது என்று இனியும் கூற முடியாது. கைத்தொலைபேசி உள்ள வீடெல்லாம் படப்பிடிப்புத் தளமாகியுள்ள காலம் இது. பிள்ளையின் மழலையும் அழுகையும் பிறந்தநாளும் காணொளிகளாகி, பார்வையாளர் எண்ணிக்கைக்கேற்பக் குடும்பத்துக்கு வருமானம் கிடைக்கிறது. இங்கு வேலை நேர வரையறையில்லை, தளத்து ஆசிரியர் இல்லை, தாண்டிச் செல்ல வாயிற்கதவும் இல்லை. அமெரிக்காவில் முதன்முறையாக இல்லினோய் மாநிலம், இத்தகைய காணொளிகளில் தோன்றும் சிறுவருக்கு வருமானத்தில் பங்கு ஒதுக்கும் சட்டத்தை 2023இல் நிறைவேற்றியது. 2024 செப்டெம்பரில் கலிபோர்னிய ஆளுநர் கவின் நியூசம், கூகன் சட்டத்தின் பாதுகாப்பை இணையச் சிறுவர்களுக்கும் விரிவுபடுத்தும் சட்டங்களில் கையொப்பமிட்டார். அருகில் நின்றவர், சிறுவயதிலேயே தொலைக்காட்சியில் தோன்றி, 2018இல் போதைவஸ்து மிகையால் உயிராபத்துக்குள்ளாகித் தப்பிய பாடகி டெமி லொவாட்டோ. வரவேற்கத்தக்க சட்டங்களே, எனினும் இவையும் பெரும்பாலும் பணப்பெட்டிக்கே பூட்டுப் போடுகின்றன. 2020 ஒக்டோபரில் பிரான்ஸ் இயற்றிய சட்டம் சற்று முன்னே சென்றது. வருமானத்தைப் பராயமடையும் வரை வைப்பிலிடுவதோடு, குறித்த அளவை மீறினால் அதிகாரிகளின் அனுமதி தேவை என்றும், தன்னைப் பற்றிய காணொளிகளை நீக்குமாறு பிள்ளையே கோரலாம் என்றும் அது விதித்தது. பெற்றோரைக் கேட்காமலே பிள்ளை 'வேண்டாம்' என்று சொல்வதற்கு ஒரு சட்டம் இடமளித்தது இங்குதான்.

இரண்டு பெண் பிள்ளைகளின் தாயாகிவிட்ட ட்ரூ பரிமோர், அவர்களின் முகங்களைப் பொதுவெளியில் காட்டுவதைத் தவிர்த்து வருகிறார். பராயமடையும் முன்னர் தொழில்முறையில் நடிக்க அனுமதிப்பதில்லை என்றும் கூறியுள்ளார். 2024 ஓகஸ்ட்டில், மகளுக்குக் கைத்தொலைபேசி கொடுத்துவிட்டு அதனைக் கட்டுப்படுத்தத் தாம் பட்ட பாட்டைக் கட்டுரையாக எழுதினார். 'ஈ.ரி.'யின் புகழ்பெற்ற வசனத்தை நினைவூட்டும் தலைப்பை அதற்கு இட்டிருந்தார். சிறுமியாக இருந்த காலத்தில் யாராவது ஒருவர் தம்மிடம் 'வேண்டாம்' என்று சொல்லமாட்டார்களா எனப் பலமுறை ஏங்கியதாக அதில் எழுதியிருக்கிறார்.